காத்தாடி மாவு

பக்கத்து மொட்டைமாடியில் கரண்ட் எடுக்கிற காத்தாடி வந்த பிறகுதான் இசக்கியம்மாளுக்கு ரெஜினாவைப் பிடிக்காமல் போனது என்று தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. காத்தாடி வந்ததும் மறைக்க முடியாமல் போயிற்று, அவ்வளவுதான்.

திருவொற்றியூரில் கடலைப் பார்த்து முடிகிற சின்னத் தெரு. கடைசி வீடு இசக்கியம்மாளுடையது. அதற்கப்புறம் எண்ணூர் போகிற பெரிய சாலை, சாலையைத் தாண்டினால் கருங்கல் கொட்டிய கரை, கடல். கீழே மாவுக்கடை, மேலே குடித்தனம். கணவர் தவசிமுத்து டோல்கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

ரெஜினாவும் அவள் கணவன் சாலமோனும் அதே பக்கத்து ஆட்கள்தான். வந்த புதிதில் இசக்கியம்மாள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார்கள். சாலமோனுக்கு துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் வேலை. பகலில் தனியாக இருக்கப் பிடிக்காமல் ரெஜினா கீழே இறங்கி வந்து கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அரிசிக்கு எவ்வளவு உளுந்து, வெந்தயத்தை எப்போது போடுவது, எந்தப் பதத்தில் கல்லிலிருந்து மாவை அள்ளுவது, எல்லாம் அங்கே உட்கார்ந்து பார்த்ததுதான். பக்கத்து வீடு விலைக்கு வந்தபோது சாலமோன் கடன் வாங்கி அதை முடித்தான். அடுத்த வருஷமே அந்த வீட்டுக் கீழ்ப்பகுதியிலும் ஒரு மாவுக்கடை திறந்தது.

திறந்த அன்று ரெஜினா முதல் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, நீங்க கத்துக்குடுத்தது. நீங்கதான் மொத வாங்கணும்."

இசக்கியம்மாள் சிரித்த முகமாக வாங்கி வைத்தாள். அவள் போனதும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். தன் மாவேதான். ஒரு குறை சொல்ல இடமில்லை. டப்பாவோடு கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினாள்.

ஆனாலும் வெளியே பேச்சுவார்த்தை நிற்கவில்லை. தெருவில் பாதிப் பேர் இங்கே வாங்கினார்கள், பாதிப் பேர் அங்கே. ரெஜினா ஒரு புதுச் சேலை கட்டினால் அன்று முழுக்க இசக்கியம்மாளுக்கு வேலை ஓடாது. சாலமோன் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு மனைவியை வண்டியில் வைத்துக்கொண்டு போனால், தவசிமுத்துவின் பழைய ஸ்கூட்டர் மேல் கோபம் வரும். இப்படி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் பங்குனியிலேயே வெயில் ஏறிவிட்டது. பிராங்கிளின் என்று ஒருவன் ஒரு வண்டியில் இரும்புக் குழாயும் மூன்று வெள்ளை இறக்கைகளும் கொண்டுவந்து ரெஜினா வீட்டு வாசலில் இறக்கினான். முப்பந்தல் பக்கம் பெரிய காற்றாலைகளில் வேலை பார்த்துவிட்டு, இப்போது வீடுகளுக்குச் சின்னதாகப் போட்டுத் தருகிறவன். இரண்டு நாள் வேலை. மாடியில் குழாயை நிறுத்தி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் காத்தாடியைப் பூட்டினான். கீழே கடைக்குள் நாலு பேட்டரியும் ஒரு இன்வெர்ட்டரும் உட்கார்ந்தன.

இசக்கியம்மாள் தன் மாடியில் வத்தல் காயவைக்கிற சாக்கில் எல்லாவற்றையும் பார்த்தாள். மதியம் கடல்காற்று எழுந்தது. காத்தாடி தயங்கித் தயங்கித் திரும்பி, கிழக்கே முகம் வைத்து, சுற்ற ஆரம்பித்தது. கீழே ரெஜினா கைதட்டுகிற சத்தம் கேட்டது.

"வெளையாட்டுச் சாமான்" என்றாள் இசக்கியம்மாள், அன்று சாயங்காலம் கணவரிடம். "திருவிழாக் கடையில விக்கிறத வாங்கி மாடியில வச்சிருக்கா."

தவசிமுத்து போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "அப்படிச் சொல்லாத. கிரைண்டரெல்லாம் அதுல ஓடாதாம், அதுக்குக் கரண்ட்டுதான் வேணும். ஆனா ரெண்டு ஃபிரிட்ஜு, ஒரு ஃபேன், கடை லைட்டு, இவ்வளவும் தாங்குமாம். காத்து அடிக்க அடிக்க பேட்டரியில ஏறிக்கிடும். நமக்கும் மாவு ஃபிரிட்ஜிலதான கெட்டுப்போவுது? நாமளும் ஒண்ணு போட்டா என்ன?"

"அவளப் பாத்து நான் போடணுமா?"

"பாத்துப் போட்டா என்ன தப்பு? ஒன்னயப் பாத்துத்தான் அவ கடை போட்டா."

அதற்கு மேல் அவரைப் பேச விடவில்லை அவள்.

சித்திரை பிறந்ததும் கரண்ட் போக ஆரம்பித்தது. வீட்டுக்கு வீடு ஏசி ஓடுகிறது, கம்பி தாங்கவில்லை என்றார்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், சில நாள் பொழுது முழுக்க. இசக்கியம்மாளின் ஃபிரிட்ஜில் இருந்த மாவு பொங்கி மூடியைத் தள்ளியது. காலையில் வாங்கிப் போனவர்கள் மதியம் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பக்கத்துக் கடையில் மாவு குளுகுளுவென்று இருந்தது. போதாததற்கு ரெஜினா வாசலில் ஒரு பலகையில் நாலைந்து பிளக் பாயின்ட் வைத்துவிட்டாள். செல்போனைச் சார்ஜ் போட வந்தவர்கள் சும்மா போகாமல் ஒரு டப்பா மாவும் வாங்கிப் போனார்கள்.

அந்த மாவுக்கு ஒரு பேரும் வந்துவிட்டது. காத்தாடி மாவு. சின்னப் பிள்ளைகள்கூட, "ஆயா காத்தாடி மாவு வாங்கியாரச் சொல்லிச்சு" என்று கேட்டுக்கொண்டு போவதை இசக்கியம்மாள் தன் கடை வாசலில் உட்கார்ந்து கேட்டாள்.

எல்லாவற்றையும்விட வலித்தது கெங்கம்மா போனதுதான். கெங்கம்மா பேருந்து நிறுத்தத்தில் இட்லிக்கடை போடுகிறவள். கடை தொடங்கிய நாளிலிருந்து தினமும் விடியற்காலையில் வாளியோடு இசக்கியம்மாளிடம்தான் வருவாள். ஒரு நாள் வாளியைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"கோச்சிக்காத யம்மா. நேத்து ஊத்துன இட்லி ஒண்ணும் சரியில்ல. ஒருத்தன் தட்ட அப்டியே வச்சுட்டு எந்திரிச்சுப் பூட்டான். பேஜாராப் பூட்ச்சு. கொஞ்ச நாளிக்கு அந்த வூட்ல வாங்கிக்கறேன்."

"வாங்கிக்க" என்றாள் இசக்கியம்மாள். "நான் என்ன கட்டியா வச்சிருக்கேன்?"

கெங்கம்மாவின் வாளி பக்கத்து வாசலில் டங்கென்று வைக்கப்படும் சத்தம் கேட்டது. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ நெருப்புக் கங்குகளைப் போட்டு ஊதுவது போல இருந்தது அவளுக்கு.

இசக்கியம்மாளுக்குச் சர்க்கரை உண்டு. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. முந்தின வருஷக் கோடையில் மருந்து வெக்கையில் கெட்டுப்போனது தெரியாமல் போட்டுக்கொண்டு, சர்க்கரை எகிறி, ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தாள். அதனால் இந்த முறை கரண்ட் போக ஆரம்பித்தவுடனேயே தவசிமுத்து, "மருந்த மெடிக்கல் ஷாப்பு ஃபிரிட்ஜில குடுத்து வச்சிருக்கேன், தீரத் தீர வாங்கியாறேன்" என்று சொல்லிவிட்டார். அவளும் அதைப் பற்றி நினைக்கவில்லை. அவள் நினைப்பெல்லாம் மாடியில் இருந்தது.

மதியம் கடையைச் சாத்திவிட்டு மாடிக்குப் போவது வழக்கமாயிற்று. தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து மாடியையே பார்ப்பாள். காற்று அவள் முதுகில் மோதி, சேலையைப் படபடக்க வைத்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போய் அந்த மூன்று இறக்கைகளைத் தள்ளியது. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் அவளுக்கு அது உறைத்தது. கடலிலிருந்து வருகிற காற்று முதலில் வருவது தன் மாடிக்கு. தன் வீட்டைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்குப் போகிறது.

என் மாடியில் புகுந்து போகிற காற்று, என்று சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல நியாயமாகப் பட்டது.

தண்டையார்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த தப்ரேஸை வரச் சொன்னாள். அவன் மாடியைச் சுற்றிப் பார்த்தான்.

"இன்னா யக்கா, ஷெட்டு போடணுமா?"

"ஷெட்டு வேண்டாம். தகரம் மட்டும். அந்தக் கைப்பிடிச் சுவர் மேல, இந்த மூலையிலேருந்து அந்த மூலை வரைக்கும். நல்ல உயரமா."

"ஒரு பக்கம் மட்டுமா? கூரை கீது வேணாமா?"

"வேண்டாம். வத்தல் காயுது, நெலக்கரித் தூசி வந்து விழுது."

தப்ரேஸ் வடக்கே எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கிகளைப் பார்த்தான். தகரம் போடச் சொன்ன மேற்குச் சுவரைப் பார்த்தான். அப்புறம் பக்கத்து மாடிக் காத்தாடியைப் பார்த்தான். "தூசி அந்தாண்டைலேந்து வர்லியே யக்கா" என்று மட்டும் சொன்னான்.  அவனுக்கும் தொழில். இரும்புச் சட்டம் கட்டி, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காகத் தகரம் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

தவசிமுத்து அன்று சாயங்காலம் மாடி ஏறி வந்து தகரத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் இறங்கிப் போனார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் மதியம் கடல்காற்று வழக்கம்போல வந்தது. தகரத்தில் மோதி, மேலே ஏறிச் சுழன்றது. பக்கத்துக் காத்தாடிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கிழக்கே திரும்பியது, தெற்கே திரும்பியது, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. மறுபடி அரைச் சுற்று. நின்றது. தகர இடுக்கு வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்ற இசக்கியம்மாளுக்கு, வெகு நாளைக்கப்புறம் நன்றாகப் பசித்தது. கீழே போய் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

மாடி அறைதான் வெந்தது. தகரம் வாங்கிய சூட்டைத் திருப்பி வீட்டுக்குள் ஊதியது. நின்றுபோன காற்று தனக்கும் நின்றுபோனது என்பதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. வேர்த்து ஊற்றியபோதும் சந்தோஷமாகவே விசிறிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ரெஜினா பிராங்கிளினை வரவழைத்தாள். அவன் மாடியில் நின்று மேலே பார்ப்பதும், கையை நீட்டித் தகரத்தைக் காட்டுவதும் இடுக்கு வழியே தெரிந்தது. ரெஜினா தகரத்தைப் பார்த்தாள். நேராகத் தன்னைப் பார்ப்பதுபோல இசக்கியம்மாளுக்கு இருந்தது. சட்டென்று பின்வாங்கிக்கொண்டாள்.

இனிச் சண்டைக்கு வருவாள் என்று தயாரானாள். பதிலெல்லாம் மனப்பாடம். என் மாடி, என் தகரம். நீ என் வீட்டில் உட்கார்ந்து தொழிலைக் கற்றுக்கொண்டாய், இப்போது என் காற்றையும் எடுத்துக்கொள்வாயா? இதைத் தெரு கேட்கும்படி சொல்ல வேண்டும். அதற்காகவே கடை வாசலில் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். ரெஜினா வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் கரண்ட் போனது காலையில் போனதுதான், மாலை ஆகியும் வரவில்லை. தெருமுனையில் பள்ளம் தோண்டிக் கம்பியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிளக் பலகையில் செல்போனைச் செருகிப் பார்த்தவர்கள், "இதுலயும் வர்ல" என்று திரும்பினார்கள். இசக்கியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அப்போது ரெஜினா வந்தாள். கையில் ஒரு ஃபிளாஸ்க். முகம் வெயிலில் வாடிப் போயிருந்தது.

இசக்கியம்மாள் எழுந்து இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள். "என்னட்டி?"

"அக்கா, பேட்டரி எறங்கிட்டு. ஃபிரிட்ஜு ரெண்டும் நின்னுபோச்சு." ஃபிளாஸ்கை மேசைமேல் வைத்தாள். "ஒங்க ஊசி மருந்து. கெட்டுறக்கூடாதுன்னு ஐஸ் வாங்கிப் போட்டுக் கொண்டாந்தேன். அண்ணாச்சிக்கு போன் போட்டேன், எடுக்கல. இன்னைக்கு மட்டும் மெடிக்கல்ல குடுத்து வைங்க, அங்க ஜெனரேட்டர் ஓடுது."

இசக்கியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. மூடியைத் திறந்தாள். ஐஸ் துண்டுகளுக்கு நடுவில், நனையாமல் கவருக்குள் சுற்றி, அவளுடைய மருந்துப் பாட்டில்கள்.

"இது எப்படி ஒன்கிட்ட?"

ரெஜினா தயங்கினாள். "சித்திரையிலேருந்து எங்க ஃபிரிட்ஜிலதான் இருக்கு. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

மனப்பாடம் செய்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "காத்தாடி ஏன் சுத்தல?" என்று கேட்டுவிட்டாள்.

தெருவில் கடல்காற்று கிடந்து அடித்தது. கடை வாசலில் தொங்கிய ஷாம்பு சரங்களெல்லாம் படபடத்தன. ரெஜினா அவளை ஒரு கணம் பார்த்தாள்.

"காத்து இல்லக்கா" என்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

தவசிமுத்து வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாம அவ வீட்ல கொண்டு வச்சிருக்கிய. ஏன் சொல்லல?"

"சொன்னா வைக்க விட்டிருப்பியா? மெடிக்கல்காரன் ரெண்டு நாளு வச்சான், அப்புறம் எடம் இல்லைன்னுட்டான். நான் பாட்டில கையில வச்சுக்கிட்டு நின்னேன். அந்தப் பிள்ளதான், 'இங்க வைங்க அண்ணாச்சி'ன்னுச்சு." செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர் திரும்பிச் சொன்னார்: "போன வருஷம் மாதிரி ஒன்னய ஆஸ்பத்திரியில பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

 இசக்கியம்மாளுக்கு வந்தது அழுகை இல்லை. இத்தனை நாள் தன் உடம்புக்குள் ஏறிய மருந்து அந்தக் காத்தாடியின் குளிரில் இருந்தது. அது தெரிந்தும் ரெஜினா ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. தகரம் வந்த பிறகும் பாட்டில்களைத் தூக்கி எறியவில்லை. மாவில் முந்தினாள், சரி. நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்திக்கொள்ள வேண்டுமா? அதைத்தான் இசக்கியம்மாளால் பொறுக்க முடியவில்லை. பொறாமை போய்விடவில்லை, இருந்த இடத்தைவிட்டு இன்னும் ஆழமான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த நாள் விடியலில் கெங்கம்மா வாளியோடு வந்தாள். இசக்கியம்மாள் இதற்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த வூட்லயும் மாவு புளிச்சிப் பூட்ச்சு" என்றாள் கெங்கம்மா. "உன்னுது எப்டி கீது?"

"அதேதான்."

"அப்போ ரெண்டு வூட்லயும் புளிப்பு. நான் டவுன்ல பாக்கெட்டு மாவு வாங்கிக்கறேன்." வாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மாடியை அண்ணாந்து பார்த்தாள். "ஏம்மா, காத்துக்கே பூட்டு போட்டுட்டியாமே? ஊரு பூரா அதான் பேசிகினு கீது. உனுக்கு இன்னா லாபம் அதுல?"

கெங்கம்மா கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். 

இசக்கியம்மாள் அன்றே தப்ரேஸைக் கூப்பிட்டாள். அவன் தகரத்தின் கீழே நின்று தலையைச் சொறிந்தான். "போன வாரந்தான யக்கா போட்டேன்?"

"வத்தல் காயல" என்றாள்.

ஒவ்வொரு தகரமாக இறங்க இறங்க, மாடி முழுக்கக் காற்று பாய்ந்தது. கடைசித் தகரம் இறங்கியபோது பக்கத்துக் காத்தாடி மெல்ல முகத்தைத் திருப்பியது. பிறகு இறக்கைகள் தெரியாத வேகத்தில் சுற்றியது. இசக்கியம்மாள் நின்று பார்த்தாள். பாவம் கழுவின நிம்மதி எதுவும் வரவில்லை. அந்தச் சத்தம் முன்புபோலவே நெஞ்சைச் சுரண்டியது. ஆனாலும் காற்று உடம்புக்கு நன்றாக இருந்தது.

சாயங்காலம் மருந்துப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு அவளே ரெஜினா கடைக்குப் போனாள். அந்தக் கடை திறந்த நாளிலிருந்து அவள் உள்ளே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ரெஜினா எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தகரத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. ரெஜினா பாட்டில்களை வாங்கி ஃபிரிட்ஜின் மேல்தட்டில் வைத்தாள்.

இசக்கியம்மாள் பேட்டரியைப் பார்த்தாள், இன்வெர்ட்டரைப் பார்த்தாள். எத்தனை வருஷம் உழைக்கும், உப்புக்காற்றில் துருப்பிடிக்காதா என்று விசாரித்தாள். மாசம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி கிரீஸ் வைக்க வேண்டும், புயல் என்றால் பிரேக் போட்டுக் கட்டிவிட வேண்டும் என்றெல்லாம் ரெஜினா விவரமாகச் சொன்னாள். சொல்வதில் ஒரு பெருமை இருந்தது. அதையும் இசக்கியம்மாள் குறித்துக்கொண்டாள்.

"அந்த பிராங்கிளின் நம்பர் இருக்கா ஒன்கிட்ட?"

"எதுக்குக்கா?"

"எங்க மாடியிலயும் ஒண்ணு போடலாம்னு. எங்களுக்குக் கடலு இன்னும் கிட்டக்க."

 ரெஜினாவின் கண் ஒரு நொடி கூரைப் பக்கம் போய்த் திரும்பியது. கடலுக்கு முன்னால் இன்னொரு காத்தாடி நின்றால் தன்னுடையதற்கு எவ்வளவு காற்று மிஞ்சும் என்று அவள் எண்ணியது, உதடு லேசாக இறுகியதில் தெரிந்துவிட்டது. அந்த இறுக்கம் இசக்கியம்மாளுக்கு அத்துப்படி. தன் கண்ணாடியில் அதைத் தினமும் பார்த்திருக்கிறாள். அந்தப் பிள்ளை மேல் அவளுக்கு முதல்முறையாகப் பிரியம் வந்தது.

"தாரேன்க்கா" என்று சொல்லி, ரெஜினா போனை எடுத்து நம்பரைத் தேடினாள். கொஞ்சம் மெதுவாகத்தான் தேடினாள்.

ஆடி பிறப்பதற்குள் பிராங்கிளின் வந்து மாடியை அளந்தான். நேருக்கு நேர் வைக்காமல் தென்கிழக்கு மூலையில் வைத்தால் இரண்டுக்கும் இடைஞ்சல் இருக்காது என்றான். இசக்கியம்மாள் அதற்குச் சரி என்றாள். குழாய் எவ்வளவு உயரம் போடட்டும், அந்த வீட்டு அளவே போதுமா என்று அவன் கேட்டபோதுதான் கொஞ்சம் யோசித்தாள்.

"அதவிட ஒரு அடி கூட்டியே போடு" என்றாள்.